வராகம் தூக்கிய வையமும் வெண்திரை காட்டிய வையமும்

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 6-28க்குச் சுமத்திராத் தீவின் வடமேற்கே கடலடித் தரை பிளந்தது. 9.1 என்று அளவிடப்பட்ட நில அதிர்ச்சி. அந்த நேரத்தில் கடலூர்த் தேவனாம்பட்டினத்தில், சோனாங்குப்பத்தில், கிள்ளையை அடுத்த தீவுக் குப்பங்களில் எப்போதும்போல் பொழுது விடிந்துகொண்டிருந்தது. கரை திரும்பிய படகுகளிலிருந்து மீன் இறங்கிற்று. பெண்கள் கூடையோடு நின்றனர். அரையாண்டு விடுமுறைச் சிறுவர்கள் மணலில் பந்தாடினர். பேரலை அவர்களிடம் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று.

இரண்டு மணி நேரம்! தேவனாம்பட்டினத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்கு நடந்தே போய்ச் சேரலாம். பேரப்பிள்ளையைத் தோளில் சுமந்த கிழவியும் போய்ச் சேர்ந்திருப்பாள். போகவில்லை. போக வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர் எவரும் அங்கு இல்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டனர். தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர். இந்துமாக்கடலின் கரைகள் முழுவதிலும் 2 இலட்சத்துக்கும் அதிகம்.

அன்று மாண்டவர்கள் அறியாதவர்கள் என்று நாம் பழி கூறமாட்டோம். கடலை அவர்களைப்போல் அறிந்தவர் யார்? காற்றின் திசையும் நீரோட்டத்தின் குணமும் அவர்களுக்குக் கைரேகை. ஆயின் தலைமுறை தலைமுறையாக ஒருவரும் காணாத ஒன்றை, கண்ணால் கண்டு அறிய வழியே இல்லாத ஒன்றை, எவ்வாறு அறிவது? அங்கேதான் படம் வருகிறது. அசையும் படம், பேசும் படம். கல்விக்கூடத்து இருட்டறையில் ஐந்து நிமிடம் ஓடும் ஆவணப்படம்.

அதே நாளில் நடந்த மூன்று செய்திகளைக் கேளுங்கள்.

தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில், பெற்றோரோடு விடுமுறைக்கு வந்திருந்தாள் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி. கடல் நீர் நுரைத்துக் கொந்தளிப்பதைக் கண்டதும் அவள் அலறினாள். சில நாள்களுக்கு முன்புதான் அவளுடைய பள்ளியில், புவியியல் வகுப்பில், ஹவாய்த் தீவைத் தாக்கிய பேரலையின் பழைய படத்தை ஆசிரியர் காட்டியிருந்தார். படத்தில் கண்டதே எதிரில் நிற்கிறது என்று அவள் உணர்ந்தாள். தந்தை காவலாளியிடம் சொல்ல, கடற்கரை காலியாயிற்று. அந்தக் கரையில் ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர்.

நிக்கோபாரைச் சேர்ந்த தெரசா தீவில் ஒரு துறைமுக ஊழியர். அதிகம் படித்தவர் என்று பெயரெடுத்தவரல்லர். தொலைக்காட்சியில் எப்போதோ பேரலை பற்றிய ஆவணப்படம் ஒன்றைக் கண்டிருந்தார். தரை ஆடியதும் அது நினைவுக்கு வந்தது. தோழர்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். மேட்டுக்கு ஓடுங்கள் என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் தப்பின.

மூன்றாவது செய்தி நம் வாசலில் நடந்தது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே நல்லவாடு என்றொரு மீனவர் ஊர். அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையிலிருந்தார். அச்சேயின் அழிவுச் செய்தியை அங்கு அறிந்து, வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று பதில் வந்தது. ஓடுங்கள், ஊரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார் அவர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் அமைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. கதவு பூட்டியிருந்தது. பூட்டை உடைத்தனர், ஒலிபெருக்கியில் கூவினர். படகுகள் போயின, வீடுகள் போயின. 3,600 மக்கள் பிழைத்தனர். நல்லவாட்டுக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? சைக்கிளில் போய்வரும் தொலைவு! அங்கே வாழ்வு, இங்கே சாவு. ஊழ்வினை என்பார்கள் சிலர். நாம் கூறுகிறோம்: ஒலிபெருக்கி.

ஒலிபெருக்கி மட்டும் போதுமா என்றால், போதாது. அதன் வழியே சொல்லச் செய்தி வேண்டும். செய்தியைப் புரிந்துகொள்ளக் கேட்போர் மனத்தில் முன்பே ஒரு படம் பதிந்திருக்க வேண்டும். நமது மாவட்டத்து மக்கள் மனத்தில் பதிந்திருந்த படம் எது?

சிதம்பரத்துக்கு மேற்கே ஸ்ரீமுஷ்ணம். அங்கே பூவராகர் கோயில். அசுரன் ஒருவன் பூமியைப் பாயாகச் சுருட்டிக் கடலுக்குள் ஒளித்தான் என்றும், திருமால் பன்றி உருக்கொண்டு அதை மீட்டார் என்றும் சொல்லும் புராணத்துக்கு அங்கே கல்லில் வடிவம் கொடுத்திருக்கிறார்கள். சிற்பம் அழகுதான், சிற்பியின் உளியை நாம் குறை கூறவில்லை. பூமியைப் பாயாகச் சுருட்டியவன் எந்தப் பூமியின்மேல் நின்றுகொண்டு சுருட்டினான் என்று எட்டாம் வகுப்புப் பையன் கேட்டால் விடை இல்லை, அவ்வளவே. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அந்தப் பூவராகரைக் கிள்ளைக் கடற்கரைக்குத் தூக்கிச் சென்று தீர்த்தவாரி நடத்துகிறார்கள். வழியில் இசுலாமியப் பெருமக்கள் வரவேற்பளிக்கும் வழக்கமும் உண்டு. அந்த நட்பு நமக்கும் உவப்பே. ஆனால் பூமியைக் கடலிலிருந்து மீட்டவர் நீராடும் அதே கிள்ளைக் கரையில்தான், எம்.ஜி.ஆர். திட்டு என்ற குடியிருப்பை 2004இல் கடல் துடைத்தெடுத்தது.

நம் இலக்கியத்தில் கடல்கோள் என்ற சொல் இருக்கிறதே, சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லைக் கேட்டு நாம் விழிக்க வேண்டுமா என்று கேட்பவர் உண்டு. சொல் இருந்தது, உண்மை. ஆனால் காரணம்? புகார் நகரைக் கடல் கொண்டதற்கு மணிமேகலை கூறும் காரணம் என்ன? மகனைப் பிரிந்த துயரில் சோழன் இந்திர விழா எடுக்க மறந்தான்; அதனால் கடல் பொங்கிற்று. விழா எடுத்திருந்தால் பொங்கியிராது! பேரலையின் பெயரைக் காத்த தமிழ், அதன் இயல்பைக் காக்கவில்லை. அச்சத்தைத் தந்தது, தப்பிக்கும் வழியைத் தரவில்லை.

புராணிகரை மட்டும் கடிந்துவிட்டு நழுவுவது நேர்மையாகாது. நம் வீட்டுத் தரையையும் பெருக்குவோம்.

திரையின் ஆற்றலை நம்மைவிட நன்கறிந்தவர் எவர்? 1949இல் வேலைக்காரி, 1952இல் பராசக்தி. ஆயிரம் மேடைகள் செய்ய முடியாததை இரண்டரை மணி நேரத்தில் வெண்திரை செய்து காட்டிற்று. ஆனால் நிலத்தின் வரலாற்றைத் திரையில் சொல்லப் புகுந்தபோது என்ன செய்தோம்? 1981இல் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு. குமரிக்கண்டம் பற்றித் தமிழக அரசின் செலவில் எடுத்த ஆவணப்படம் அங்கே திரையிடப்பட்டது. முதலமைச்சர் எம்.ஜி. இராமச்சந்திரனின் ஆதரவோடு, ப. நீலகண்டன் இயக்கிய படம். கண்டங்கள் நகர்கின்றன என்ற கொள்கையையும், கடலில் மூழ்கிய பெருங்கண்டம் ஒன்று உண்டு என்ற பழைய ஊகத்தையும் ஒரே கயிற்றில் முடிந்து, இதுவே அறிவியல் என்று அது காட்டிற்று.

அந்த ஊகத்தின் வரலாறு சுவையானது. லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரில் வாழ்கிறது, அதன் இனத்தவை இந்தியாவிலும் தென்படுகின்றன, நடுவே கடல். எப்படிக் கடந்தன? நிலம் இருந்து மூழ்கியிருக்கும் என்று 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார் கருதி, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அந்நாளில் அது மூடத்தனமன்று. கையிலிருந்த சான்றுக்கு ஏற்ற ஊகம். 1912இல் வெகெனர், கண்டங்களே நகர்ந்தன என்றார். 1960களில் கடலடித் தரையை ஆராய்ந்து, நிலத்தட்டுகள் நகர்வதை உறுதி செய்தனர். மடகாஸ்கரும் இந்தியாவும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்து பிரிந்தவை. நடுவே ஒரு கண்டம் மூழ்க வேண்டிய தேவையே இல்லை. ஆக, 1981இல் நாம் படமெடுத்தபோது அந்த ஊகம் செத்து அடக்கமாகிப் பல ஆண்டுகளாகிவிட்டன. நகரும் கண்டமும் வேண்டும், மூழ்கிய கண்டமும் வேண்டும் என்றால், நோயும் வேண்டும் மருந்தும் வேண்டும் என்பதுபோல் அன்றோ!

உண்மை வேறு வகையில் இருக்கிறது, அதுவும் பெருமைக்குரியதே. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. தமிழகக் கரைக்கு அப்பால் அகன்ற நிலம் இருந்தது. ஈழத்துக்குக் கால் நனையாமல் போகலாம். பனி உருக, அந்நிலம் சிறிது சிறிதாகக் கடலுக்குள் போயிற்று. இதைச் சொல்லும் படம் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பெரிய கண்டம் இழந்தோம் என்று சொல்வதில் உள்ள இன்பம், சிறிய கரை இழந்தோம் என்பதில் இல்லை போலும். பூமியைப் பற்றித் தமிழில் அரசு எடுத்த பெரும்படம் ஒன்றின் கதை இவ்வாறு முடிந்தது என்பதை எண்ணும்போது நமக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, இம்மாவட்டத்து மண்ணை முதலில் படித்தவர் யார்? படித்து, படமும் போட்டவர் யார்?

1840ஐ ஒட்டிய ஆண்டுகளில், சென்னையில் கும்பினி ஆட்சியின் அலுவலில் இருந்த கேய், கன்லிஃப் என்ற இரு வெள்ளையர் விருத்தாசலம், புதுச்சேரி, திருச்சிப் பகுதிகளில் வயலோரத்துக் கற்களைப் பொறுக்கினர். நம்மவர் கண்ணுக்கு அவை கல். அவர்கள் கண்ணுக்கு அவை சிப்பி, சங்கு, சுருள் ஓட்டுக் கடலுயிர். பெட்டிகளில் அடைத்து இலண்டனுக்கு அனுப்பினர். 1846இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து, அச்சுப் படங்களோடு வெளியிட்டார். 1862இல் தென்னார்க்காடு, திருச்சி மாவட்டப் பாறைகளைப் பற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பிளான்ஃபோர்டு எழுதினார். கடலூர் மணற்பாறை என்ற பெயர் உலகப் புவியியல் நூல்களில் ஏறிற்று. பின்னர் ஸ்டோலிச்கா என்ற அறிஞர் 1863 முதல் 1873 வரை நான்கு தொகுதிகளில் தென்னிந்தியக் கடலுயிர்ப் புதைவுகளை வரைந்து தீர்த்தார். நமது விருத்தாசலத்துக்கு அண்மையில் ஏழு, எட்டு, ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் அலை அடித்தது என்பதை ஐரோப்பிய மாணவன் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டான். விருத்தாசலத்து மாணவன் என்ன கற்றான்? இரணியாட்சனின் குலமுறை கற்றான்.

திருவக்கரைக்குப் போனால் இன்னும் வேடிக்கை. மரம் கல்லாகி, அடுக்கடுக்காக, வளையம் தெரியக் கிடக்கிறது. 1781ஆம் ஆண்டிலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு நாட்டார் அவற்றைக் குறித்துவைத்தார். ஊரார் சொன்ன கதையோ, அது அசுரனின் எலும்பு என்பது. எலும்புக்கு ஆண்டு வளையம் இருக்குமா என்று கேட்க ஒருவரும் இல்லை.

பிறகு நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வந்தது. பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957இல் சுரங்கப் பணி தொடங்கிற்று. 1961இல் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தவர்க்கு வேறு பாடநூல் தேவையில்லை. மேலே செம்மண்ணும் கடலூர் மணற்பாறையும், அதன் கீழே களியும் மணலும், அடியில் கருமை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பிலே நின்ற காடு அது. அதற்கும் அடியில், அழுத்தத்தோடு மேலே பாயத் துடிக்கும் நிலத்தடி நீர். அதை இடையறாது இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நிற்கும். அந்த நீரை இறைத்ததால் சுற்றுவட்டக் கிணறுகள் என்னவாயின என்று உழவர் கேட்கும் கேள்வியும் இதே பாடத்தின் ஒரு பகுதிதான். பாறையின் படத்தைக் காட்டிவிட்டுக் கிணற்றின் படத்தை மறைப்பது பாதிப் பாடம்.

ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? மற்ற அறிவியல்களைச் சோதனைச் சாலையில் காட்டலாம். அமிலத்தை ஊற்றினால் நுரைக்கும், பையன் பார்ப்பான். பூமியின் அறிவியலை மேசைமேல் வைத்துக் காட்ட முடியாது. அதன் நிகழ்ச்சிகள் மிக மெதுவானவை, அல்லது மிகத் திடீரானவை. மிக ஆழமானவை, அல்லது மிக அகன்றவை. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. விரல் நகம் வளரும் வேகத்துக்குச் சற்று மேல். நகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் வளர்ச்சி தெரியுமா? ஆனால் திரையில் பத்துக்கோடி ஆண்டைப் பத்து நொடியாகச் சுருக்கி, தெற்கேயிருந்து இந்தியா ஓடிவந்து ஆசியாவில் மோதி இமயம் மடிவதைக் காட்டிவிடலாம். அசுரன் சுருட்டாத பூமியை அறிவு சுருட்டிக் காட்டும் இடம் இதுதான்! ஆழ்கடலில் மணிக்கு எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பேரலை, அங்கே ஒரு முழ உயரம்கூட இல்லாமல் படகைத் தாலாட்டிவிட்டுப் போவதையும், கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய நிமிர்ந்து எழுவதையும் சொல்லால் விளக்கிப் பாருங்கள். பாதி வகுப்பு உறங்கும். படமாகக் காட்டுங்கள், உறங்காது.

இவ்வளவு தெரிந்தும், கருவி கைக்கு வந்தபோதெல்லாம் அது யார் கைக்கு வந்தது? 1948இல் இந்திய அரசு திரைப்படப் பிரிவை அமைத்தது. திரையரங்குகளில் செய்திப்படம் காட்டியாக வேண்டும் என்ற விதி பல பத்தாண்டுகள் இருந்தது. மக்கள் அந்த நேரத்தில் முறுக்கும் தேநீரும் வாங்க வெளியே போனார்கள். 1984 ஆகஸ்டு 15இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடுதழுவிய வகுப்பறை தூர்தர்ஷனில் தொடங்கிற்று. நல்ல படங்கள், ஆனால் ஆங்கிலத்தில். அந்த மொழி தெரியாத குப்பத்துப் பிள்ளைக்கு அது ஊமைப்படம். கல்விக்கென்றே எஜுசாட் என்ற செயற்கைக்கோளை 2004 செப்டம்பர் 20இல் விண்ணில் ஏற்றினர். கணக்குப் பாருங்கள்: பேரலைக்கு மூன்று திங்களும் ஆறு நாள்களும் முன்பு! தலைக்குமேல் கல்விக்கோள் மிதந்தது. தரையில் அறியாமல் செத்தனர். தொழில்நுட்பம் வேறு, அது ஊர் போய்ச் சேர்வது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2007இல் ஐதராபாத்தில் பேரலை எச்சரிக்கை மையம் வந்தது. 2019 ஆகஸ்டு 26இல் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி வந்தது, தமிழில் வந்தது, மறு ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடத்தை வீட்டுக்கே கொண்டுபோயிற்று. இவற்றை மனமுவந்து பாராட்டுகிறோம்.

ஆனால் இன்று படம் காட்டுபவர் அரசும் ஆசிரியரும் மட்டுமல்லர். கைப்பேசி வைத்திருப்பவர் எல்லாரும் படம் காட்டுகிறார்கள். அதில் நமது சிதம்பரம் படும் பாட்டைப் பாருங்கள். தில்லை நடராசரின் கால் பெருவிரல் உலகக் காந்தப் புலத்தின் நடுப்புள்ளியில் இருக்கிறது என்றும், மேல்நாட்டு அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து இதைக் கண்டு வியந்தனர் என்றும் ஒரு காணொளி. பின்னணியில் உடுக்கை ஒலி. சுழலும் பூமி உருண்டை. அதிலிருந்து ஒளிக்கதிர் புறப்பட்டுக் கோபுரத்தில் பாய்கிறது. எந்த அறிஞர்? எந்த ஆண்டு? எந்தக் கருவி? ஒன்றும் இல்லை. அழகான படம், ஆதாரமற்ற செய்தி.

காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றிச் செல்லும் ஒரு கோடு. வளையலுக்கு நடுமுனை எது? சுற்றிவரும் கோட்டுக்கு எங்கே நடுப்புள்ளி? போகட்டும், அந்தக் கோடாவது தில்லை வழியே போகிறதா? இல்லை. அது தெற்கே போகிறது. அதனால்தான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்து, 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவினர். தும்பாவுக்கும் சிதம்பரத்துக்கும் வடக்கு தெற்காக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் இடைவெளி. மேலும் அந்தக் கோடு ஓரிடத்தில் நிற்பதுமன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல நகர்வது. இதை நம்ப நம் சொல்லும் வேண்டாம். ஒரு ஊசியை நடுவில் நூல்கட்டிச் சமமாகத் தொங்கவிடுங்கள். பிறகு அதற்குக் காந்தமேற்றுங்கள். காந்த நடுக்கோட்டில் அது கிடைமட்டமாகவே நிற்கும். சிதம்பரத்தில் வடமுனை சற்றே கீழ்நோக்கிச் சாயும். இந்தச் சோதனையைக் கீழவீதியில் ஒரு திண்ணையில் வைத்து இரண்டு நிமிடக் காணொளியாக எடுத்து அனுப்ப எத்தனை தோழர்கள் முன்வருவீர்கள்? புளுகு ஒரே நாளில் ஊரைச் சுற்றிவிடுகிறது. நாம் இன்னும் துண்டறிக்கை அச்சிட ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

உண்மையிலேயே வியக்கத்தக்க செய்தி தில்லையின் பெயரிலேயே இருக்கிறது. தில்லை என்பது மரம். உப்பங்கழியோரம், சதுப்பில், சுரபுன்னையோடு வளரும் மரம். இன்று ஊருக்குக் கிழக்கே பிச்சாவரத்துக் கழிகளில் அதைக் காணலாம். சதுப்பு மரத்தின் பெயர் இவ்வூருக்கு எப்படி வந்தது, அந்நாளில் கழியும் கரையும் எங்கே இருந்தன என்று கேட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்தால், ஒளிக்கதிர் பாயும் புளுகைவிடச் சுவையாக இராதா?

அந்தப் பிச்சாவரமே ஒரு பாடம். 2004க்குப் பின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தார் குப்பங்களை அளந்து, அலையாத்திக் காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று எழுதினர். வேறு அறிஞர் மறுத்தனர். தப்பிய ஊர்கள் மேட்டிலும் கரையிலிருந்து தொலைவிலும் இருந்தன, காட்டின் பங்கைத் தனியே பிரித்துச் சொல்ல அந்தக் கணக்குப் போதாது என்றனர். காடு காத்தது என்பதை மட்டும் காட்டுவது பிரச்சாரம். மறுப்பையும் சேர்த்துக் காட்டினால்தான் அறிவியல். மாணவன் குழம்புவானே என்பார்கள். குழம்பட்டும்! ஐயம் கொள்ளப் பழகாத பிள்ளைதான் நாளைக்கு ஒளிக்கதிர்ப் படத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறான்.

அண்மையில் கடலூர்ப் பகுதியில் இரண்டு பள்ளிகளைப் பார்த்தோம். ஒன்றில் புதிய மின்திரை பளபளத்தது. ஆற்று அரிப்பு என்ற பாடத்துக்கு அமெரிக்காவின் பெரும் பள்ளத்தாக்கு ஓடிக்கொண்டிருந்தது. அருமையான படம். படம் முடிந்தது, விளக்கு எரிந்தது, அடுத்த பாடம் கணக்கு. பள்ளியிலிருந்து சில கல் தொலைவில் கேப்பர் மலை நிற்கிறது. மழைநீர் செம்பாறையைக் கீறிக் கீறிச் செய்த ஓடைகள் அங்கே உண்டு, கையால் தொடலாம், கூழாங்கல்லைப் பெயர்த்து எடுக்கலாம். கேப்பர் மலை எதனால் ஆனது என்று ஒரு மாணவியிடம் கேட்டோம். சிறைச்சாலை இருக்கிற இடம் என்றாள். அவள் மேல் குறையில்லை. அவளுக்கு யாரும் காட்டவில்லை.

மற்றொரு பள்ளியில் மின்திரை இல்லை. பழைய படம்வீழ்த்தி, சுவரில் வேட்டி. ஆசிரியர் பேரலைப் படம் ஒன்றைப் போட்டார், வேற்றுநாட்டில் எடுத்தது. கடல் பின்வாங்குகிறது, தரை தெரிகிறது, மீன் துள்ளுகிறது, பிறகு அலை வருகிறது. "கடல் திடீரென்று உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு" என்று படம் சொல்லிற்று. ஆசிரியர் அங்கே படத்தை நிறுத்தினார். ஐயம் உண்டா என்றார்.

கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். மீனவர் குப்பத்துப் பிள்ளை. பேரலைக்குப் பின் பிறந்தவன். "எங்க ஆயா அப்படிச் சொல்லல சார். கடலு உள்ள போகலயாம். மொதல்ல தண்ணி ஏறித்தான் வந்துச்சாம். அப்புறந்தான் உள்ள போச்சாம். போனதப் பாக்கப் போனவங்கதான் திரும்பலயாம்."

வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் சுமத்திராவை வரைந்தார். கடலடித் தரை பிளந்தபோது, பிளவின் மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது என்று ஒரு கோடு போட்டார். தாழ்ந்த பக்கத்தில் தாய்லாந்து. அங்கே முதலில் கடல் பின்வாங்கிற்று. உயர்ந்த பக்கத்தில் நாம். நம்மிடம் முதலில் நீர் ஏறியே வந்தது, அலைகளுக்கு இடையேதான் உள்வாங்கிற்று. "படம் பொய் சொல்லவில்லை. உன் ஆயாவும் பொய் சொல்லவில்லை. படம் அந்தக் கரையைச் சொல்கிறது; ஆயா இந்தக் கரையைச் சொல்கிறார்" என்றார். கடல் உள்வாங்கும் என்று காத்து நின்றால் இந்தக் கரையில் என்ன நடந்திருக்கும் என்று கேட்டார். வகுப்பில் சிரிப்பு நின்றது.

பிறகு பையனிடம் சொன்னார்: "நாளைக்கு உன் ஆயா பேசுவதைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு வா. இந்தப் படத்துக்குப் பின்னால் அதையும் போடுவோம்."

"ஆயா மீனு விக்கப் போயிருக்கும் சார். சாயந்தரந்தான் வரும்."

"சாயந்தரமே எடு. கடலைப் பார்த்தபடி உட்காரவைத்து எடு. முகம் தெரியட்டும்."

மணி அடித்தது. பையன் வேட்டியை மடித்து ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு ஓடினான்.